ஜி.எஸ்.டி. ரோட்டுச் சந்திப்புகளும் நமது கல்லாவும்



ஜி.எஸ்.டி. என்று சொன்னால் இன்று நமக்கெல்லாம் வரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி அந்த வரி வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே தாம்பரம் வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. என்றால் ரோடுதான். கத்திப்பாராவிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகச் செங்கல்பட்டுக்கும் அதற்குத் தெற்கேயும் போகிற பழைய 45-ஆம் எண் நெடுஞ்சாலை. வரியைப் பற்றி நமது இதழில் மாதம் தவறாமல் எழுதுகிறோம். ரோட்டைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் விருதுநகரிலிருந்து வருகிற பருப்பும் வத்தலும் எண்ணெய் டின்னும், ஈரோட்டு மஞ்சளும், சேலத்து ஜவ்வரிசியும் இந்த ரோட்டில்தான் நமது கிட்டங்கிக்கு வந்து சேருகின்றன. வாங்க வருகிறவர்களும் இதே ரோட்டைக் கடந்துதான் வருகிறார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெருங்களத்தூர் எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் போக மாட்டு வண்டி காலத்தில் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் காரில் ஆகும். பண்டிகைக்குத்தானே என்று விட்டுவிடலாம் என்றால், சாதாரண வெள்ளிக்கிழமை மாலையிலும் அதே கதைதான். சந்திப்புக்குச் சந்திப்பு சிக்னல், சிக்னலுக்கு முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் ஷேர் ஆட்டோ, இடது பக்கம் சரக்கு இறக்கும் லாரி. அந்த லாரி பல சமயம் நமது லாரி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாரின் கடையில் உட்கார்ந்தவர்கள். நெடுஞ்சாலைத் துறை இஞ்சினீயர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிற தகுதி நமக்கு இல்லை. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே சந்திப்பின் ஓரத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்களுக்குச் சில விஷயம் தெரியும். அதில் ஒன்றைச் சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதை எழுதுவது சரியாகாது.

2009-ஆம் வருஷம் நமது கடைக்கு நேர் எதிரே ரோட்டின் நடுவில் இருந்த மீடியன் திறப்பைக் கான்கிரீட் கட்டை போட்டு அடைத்தார்கள். வண்டிகள் சந்திப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும் என்றார்கள். எதிர்ப்பக்கத்தில்தான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியும், பேங்கும், இரண்டு மூன்று நகர்களும் இருந்தன. ஒரே மாதத்தில் சில்லறை விற்பனை இறங்கிவிட்டது. நமக்கு மட்டுமல்ல, வரிசையில் இருந்த முப்பது கடைக்கும் அதே நிலைமை. அப்போது வட்டாரச் சங்கத்தின் பொறுப்பில் நாம் இருந்தோம். மகஜர் எழுதினோம். கையெழுத்து வாங்கினோம். ஒரு நாள் கடையடைப்பும் செய்தோம். பெரியவர்கள் சிலரைப் பார்த்துப் பேசினோம். எட்டாவது மாதம் கட்டையை எடுத்துவிட்டார்கள். பட்டாசு வெடித்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தோம்.

2011-ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு சாயங்காலம், நமது கணக்குப்பிள்ளை பேங்கில் ஒரு வேலையை முடித்துவிட்டு அந்தத் திறப்பு வழியாக நடந்து வந்தார். 22 வருஷம் நம்மோடு இருந்தவர். திரும்புகிற வேன் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். வேனைப் பார்த்தவர் மோட்டார் சைக்கிளைப் பார்க்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு கடைப் படி ஏறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய சம்சாரம் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, அந்த வழியத் திறக்கச் சொன்னது நீங்கதான?" கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றோம். வேறு என்ன சொல்வது?

செலவை நாம் பார்த்தோம். சம்பளத்தையும் நிறுத்தவில்லை. அதெல்லாம் கணக்கில் சேராது. அந்த மகஜரைப் பிறகு எடுத்துப் படித்துப் பார்த்தோம். மூன்று பக்கம். வண்டிகள் திரும்ப முடியவில்லை, வாடிக்கையாளர்களின் கார் வர முடியவில்லை, சரக்கு வண்டி சுற்றி வர வேண்டியிருக்கிறது, டீசல் செலவு கூடுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தோம். நடந்து வருகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்டிக்கு வழி கேட்டோம், அதைக் கொடுத்தார்கள். மனுஷன் கடக்க வழி வேண்டும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். நாம் கேட்கவே இல்லை.

அதற்கு அப்புறம்தான் ஒரு காரியம் செய்தோம். கடைப் பையன் ஒருவனைப் படியில் உட்கார வைத்து, ஒரு வாரம், சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரை, சில்லறைப் பக்கம் வருகிறவர்கள் எதில் வந்தார்கள் என்று கோடு போடச் சொன்னோம். நமக்கு ஒரு எண்ணம் இருந்தது: நல்ல வியாபாரம் கொடுக்கிறவர்கள் காரில் வருகிறவர்கள் என்று. கோடுகளைக் கூட்டிப் பார்த்தபோது காரில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது. பெரும்பாலும் நடந்து வந்தவர்கள், பஸ்ஸிலோ ரயிலிலோ இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் வந்தவர்கள், டூவீலரில் வந்தவர்கள். கார்க்காரர் மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்குவார், உண்மைதான். ஆனால் தினம் கால் கிலோ துவரம் பருப்பும் அரை லிட்டர் எண்ணெயும் வாங்குகிறவர் மாதக் கடைசியில் அவருக்குக் குறைவாக வாங்குவதில்லை. ரொக்கமாகவும் கொடுக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்தது. கடைக்கு முன்னால் நாள் பூராவும் நிற்கிற கார் யாருடையது என்று பார்த்தால், வாடிக்கையாளருடையது அல்ல. நம்முடையதும் பக்கத்துக் கடை முதலாளியுடையதும்தான். பார்க்கிங் இல்லாமல் வியாபாரம் போகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிற நாமே காலை 8 மணிக்கு நிறுத்துகிற வண்டியை இரவு 10 மணிக்குத்தான் எடுக்கிறோம்.

நெடுஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இஞ்சினீயர் ஒருவர் நமது வாடிக்கையாளர். அவர் ஒரு நாள் பில் தாளின் பின்புறம் எழுதிக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறோம். வியாபாரிகளுக்குக் கணக்கு புரியும். நான்கு பக்கமும் ரோடு உள்ள சந்திப்பில் சிக்னல் ஒரு சுற்று 120 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் நாலைந்து விநாடி வீணாகும். மீதி 100 விநாடியை நாலாகப் பிரித்தால் பக்கத்துக்கு 25 விநாடி பச்சை. ஒரு வரிசையில் இரண்டு விநாடிக்கு ஒரு வண்டி நகரும். ஆக 25 விநாடியில் ஒரு வரிசையில் 12 கார். காருக்கு இரண்டு பேர் என்றாலும் 24 பேர். அந்த 12 கார் நிற்கிற நீளத்தில் நாலைந்து பஸ் நிற்கும், 200 பேருக்கு மேல் இருப்பார்கள். அதே ரோடு, அதே பச்சை விளக்கு. இடது வரிசையில் ஒரு லாரி நின்று மூட்டை இறக்கினால், இரண்டு வரிசை ஒரு வரிசையாகி, போக வேண்டிய வண்டியில் பாதி அடுத்த சுற்றுக்கு நிற்கும். அடுத்த சுற்றில் புது வண்டிகளும் வந்து சேரும். ஒரு மணி நேரத்தில் வால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடக்கிறவர் கணக்கையும் அவரே போட்டார். சர்வீஸ் ரோட்டோடு சேர்த்து 30 மீட்டர் அகலம் என்றால், நன்றாக நடக்கிறவருக்கு 25 விநாடி வேண்டும். கையில் பையும், இடுப்பில் பிள்ளையும் உள்ளவருக்கு 35, 40 ஆகும். அவர்களுக்கென்று தனியாக அவ்வளவு விநாடி ஒதுக்கிய சிக்னலை இந்த ரோட்டில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? நடு மீடியனில் நாலைந்து பேர் பத்திரமாக நிற்க இடம் விட்டால், ரோட்டை இரண்டு தவணையாகக் கடக்கலாம். அதற்கு மேம்பாலச் செலவு ஆகாது. பஸ் நிறுத்தத்தைச் சிக்னலுக்கு முன்னால் வைத்தால், பச்சை விழும்போது பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும், ஆள் ஏறி முடிக்கும்போது சிகப்பு விழும், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சந்திப்பைத் தாண்டி, அதன் வாய் அடைபடாத தூரத்தில், ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்க இடம் வெட்டி வைத்தால் பாதித் தொல்லை குறையும். ஷேர் ஆட்டோவுக்கும் அப்படியே. அவனுக்கு நிற்க ஓர் இடம் கொடுக்காமல், நிற்கிறான் நிற்கிறான் என்று திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் சொன்னால் நம்மவர்கள் உடனே கேட்பது, "ஒரு மேம்பாலம் கட்டிவிட்டால் முடிந்ததே?" என்றுதான். மேம்பாலத்துக்கு நாம் விரோதி அல்ல. தேவையான இடத்தில் வேண்டியதுதான். ஆனால் வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தை 2008-ல் திறந்தார்கள். நாலு திசை வண்டியும் நிற்காமல் போகின்றன, பெரிய காரியம். ஆனால் அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு பஸ் ஏற வேண்டியவர்கள் பட்ட பாட்டை அந்த வழியாகப் போனவர்கள் அறிவார்கள். 2015-ல் பக்கத்தில் ஆலந்தூர் மெட்ரோ ஸ்டேஷன் வந்தது. பாலத்துக்கு அடியில் பஸ் நிற்கவும், வண்டி நிறுத்தவும், கடை வைக்கவும் இடம் அமைத்துத் திறந்தது 2021 டிசம்பரில். பாலம் வந்து 13 வருஷம் கழித்து! போரூர் சந்திப்பு மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் தொடங்கிய வேலை, 2017-ல்தான் வண்டி ஓடியது. ஏழு வருஷம் தூசியிலும் பள்ளத்திலும் கடை நடத்துவது என்றால் என்ன என்பது மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும். பாலம் முடிந்த பிறகும், மேலே போகிற வண்டி கீழே இருக்கிற கடையில் அரை கிலோ ரவை வாங்காது.

வியாபாரம் எங்கே வளர்கிறது என்று பார்த்தால், ஆள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டிக்கு மாறுகிற இடத்தில்தான். தாம்பரம் வளர்ந்ததே அப்படித்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். ரயிலில் வந்து இறங்கி பஸ் ஏறிச் சுற்றுப்புற ஊர்களுக்குப் போனவர்கள் போகிற வழியில் சாமான் வாங்கினார்கள், தாம்பரம் கடைவீதி பெருத்தது. மாம்பலம் ஸ்டேஷன் இல்லாவிட்டால் ரங்கநாதன் தெரு ஏது? அந்த ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் உயர நடைபாலம் 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி, 2023 மே மாதம் திறந்தார்கள். பெரிய மேம்பாலங்களின் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ரயிலையும் பஸ்ஸையும் இணைக்கிற இந்த மாதிரி வேலைதான் நமது புறநகர்ச் சந்திப்புகளுக்கு முதலில் வேண்டும். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, ரோட்டோரம் கார் நிறுத்துவதைக் குறைத்தபோது, கார்க்காரர் வரமாட்டார், கடை படுத்துவிடும் என்று பேச்சு வந்தது. கடைகள் இருக்கின்றன. அங்கே வாடகை குறைந்ததாக நாம் கேள்விப்படவில்லை. குறைந்திருந்தால் யாராவது சொல்லுங்கள், நாமே ஒரு கடை பிடிக்கலாம்.

கிளாம்பாக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி, 88 ஏக்கரில், ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் கட்டிய பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தெற்கே போகிற பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. கோயம்பேட்டுக்குள் நெரிசல் குறைய இது தேவைதான் என்றே நாம் நினைக்கிறோம். 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தபோதும் பாரிமுனையை விட்டு எப்படிப் போவது என்று நாம் புலம்பினோம். அப்புறம் பழகிவிட்டது. ஆனால் கிளாம்பாக்கத்தில் வரிசை தப்பிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதில் நாள் முழுவதும் மின்சார ரயில். பஸ் நிலையம் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன் இல்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டும். ஸ்டேஷனும், ரோட்டைத் தாண்டி அதற்குப் போகிற உயர நடைபாலமும், விமான நிலையத்திலிருந்து பதினைந்தரை கிலோமீட்டர் மெட்ரோவும் திட்டத்தில் பின்னால் வருகிறவை. விடியற்காலை மூன்று மணிக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் வந்து இறங்குகிற குடும்பம், பெட்டியும் பிள்ளையுமாக, இன்னொரு பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ அலைந்தது. அத்தனை பேரையும் ரோட்டு வழியாகவே நகருக்குள் கொண்டுவர வேண்டியதால், வண்டலூரும் பெருங்களத்தூரும் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தன. ஸ்டேஷனை முதலில் கட்டி, அதற்குப் பக்கத்தில் பஸ் நிலையம் திறந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? கடைக்குச் சரக்கு வாங்கிப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் கூரை போடுகிறவர் நம்மில் உண்டா?

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஒரு சந்திப்புக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். ரோடு ஒரு துறை, குறுக்கே வருகிற ரோடு இன்னொரு துறை, நடைபாதையும் கால்வாயும் மாநகராட்சி, சிக்னல் போலீஸ், பஸ் போக்குவரத்துக் கழகம், ரயில் மத்திய அரசாங்கம், கம்பம் மின்வாரியம். ஒருவர் தார் போட்ட மறு வாரம் இன்னொருவர் தோண்டுவது இதனால்தான். இவர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். 2019-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து போனிலேயே ஒரே டிக்கெட் எடுக்கிற வசதி செய்திருக்கிறார்கள், வரவேற்கிறோம். டிக்கெட் ஒன்றானது போல நடக்கிற பாதையும் ஒன்றாக வேண்டும். வண்டிகளை அல்ல, ஆட்களை நகர்த்துவதே நோக்கம் என்று மத்திய அரசாங்கத்தின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. சந்திப்பில் வந்து பார்த்தால் அந்த வருஷம் இன்னும் பிறக்காத மாதிரி இருக்கிறது.

சரி, அரசாங்கத்தைச் சொன்னோம். இனி நமது பங்கு. முதலில் சரக்கு இறக்குவது. பத்துச் சக்கர லாரியில் 15 டன் என்றால், 50 கிலோ மூட்டை 300. ஆறு பேர் இறக்கினால் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த இரண்டு மணி நேரமும் ரோட்டில் ஒரு வரிசை நமது கிட்டங்கியின் திண்ணையாகிவிடுகிறது. 2022-லிருந்து நாம் இரவு 10 மணிக்கு மேல்தான் இறக்குகிறோம். சுலபமாக முடிந்த காரியம் என்று சொல்ல மாட்டோம். லோடுமேன்கள் இரவுக் கூலி கூடக் கேட்டார்கள், கேட்டது நியாயம், கொடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வந்தார். லாரிக் கதவை அடித்துச் சாத்துவதை நிறுத்தினோம், மூட்டையைப் போடாமல் வைக்கச் சொன்னோம், இப்போது அவர் பேசுகிறார். கிட்டங்கிச் சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுக்க வேண்டும், அது பெரிய தலைவலி. நமது மகனும் நாமும் முறை போட்டுக்கொண்டோம். ஆனால் பகலில் சிக்னலில் மாட்டி லாரி நாள் கணக்கில் தங்கியதற்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஹால்டிங் கூலி மிச்சம். போலீஸ் கேஸ் மிச்சம். கூட்டிக் கழித்தால் கையைக் கடிக்கவில்லை.

சிறு வியாபாரிகளால் இது முடியாது என்பது தெரியும். ஐந்து மூட்டை வாங்குகிறவர் இரவு கண்விழிக்க முடியுமா? அவர்களுக்காக ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்தில், உள் தெருவிலோ சர்வீஸ் ரோட்டிலோ, குட்டி யானையும் மீன்பாடி வண்டியும் அரை மணி நேரம் நின்று சரக்கு இறக்க இடம் ஒதுக்கிக் கோடு போட்டுத் தரவேண்டும். அங்கே கார் நிற்கக் கூடாது. நம் காரும்தான். இன்னொரு யோசனை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. பெரிய லாரிகள் அங்கேயே பொதுக் கிட்டங்கியில் இறக்கிவிட்டு, சின்ன வண்டிகளில் கடைகளுக்குப் பிரித்து அனுப்பலாம். ஏற்று இறக்கு கூலி இரட்டிப்பாகும் என்று ஒரு நண்பர் நம்மைக் கூட்டத்திலேயே மடக்கினார். அவர் சொன்னது சரி, மூட்டைக்குச் செலவு கூடும். பத்துப் பேர் சேர்ந்து செய்தால் எவ்வளவு கூடும் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதில் நமக்கு முடிவான அபிப்பிராயம் இல்லை.

அடுத்தது நடைபாதை. கடைத்தெருவில் நடைபாதை குறைந்தது 2.5 மீட்டர் வேண்டும் என்றும், அதற்கு மேல் கடை முகப்பில் நின்று பார்க்கத் தனியாகக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்றும் இந்திய சாலைக் காங்கிரஸ் விதி வகுத்திருக்கிறது. நமக்குச் சாதகமான விதி அது! அதை நாம் கேட்பதில்லை. ஏனென்றால் இருக்கிற நடைபாதையில் நமது வெங்காய மூட்டையும், எண்ணெய் டின்னும், பெயர்ப்பலகையும், பில்லுக்கு நிற்கிற ஸ்கூட்டரும் இருக்கின்றன. அளக்க வந்தால் முதலில் நம்முடையதைத்தான் எடுக்கச் சொல்வார்கள் என்கிற பயம். எடுத்துவிடுவோம். நாம் எடுத்துவிட்டோம், இரண்டடி உள்ளே போனோம். அந்த மாதம் வெங்காயம் கொஞ்சம் குறைவாகப் போனது, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. தள்ளுவண்டிக்காரரையும் பூக்காரம்மாவையும் விரட்டச் சொல்லி மனு எழுதுகிற பழக்கத்தையும் விட வேண்டும். 2014-ஆம் வருஷச் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. அவர்கள் நிற்கிற இடத்தில்தான் ஜனம் நிற்கிறது, அந்த ஜனம்தான் நம்மிடமும் வருகிறது.

பெரிய கம்பெனிக்காரன் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு சாமான் கொண்டு போகிறான், ரோடு சரியானால் மட்டும் நமக்கு வியாபாரம் திரும்பிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். முழுவதும் திரும்பாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எதிர் நகரில் இருக்கிற அறுபது வயது அம்மா, முன்பெல்லாம் தினம் நடந்து வந்து நம்மிடம் பேசிவிட்டு, கடுகு சீரகம் வாங்கிப் போனவர், போனில் ஆர்டர் போடப் பழகியது எதனால்? விலை குறைவு என்பதாலா? ரோட்டைக் கடக்கப் பயந்து. நாம் நாலைந்து பேரை விசாரித்தோம், அதே பதில்தான் வந்தது. அந்த அம்மா பத்திரமாக இந்தப் பக்கம் வர ஒரு வழி கிடைத்தால், விலையில் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

நமது சந்திப்பை மாற்றி அமைப்பது சம்பந்தமாக வியாபாரிகளின் கருத்தைக் கேட்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வழக்கம் போல மீடியனைத் திற, மேம்பாலம் கட்டு, பார்க்கிங் கொடு என்று மூன்று வரி எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். இந்தத் தடவை மகஜரில் முதல் வரியாக, நடந்து கடக்கத் தனி சிக்னலும் மீடியனில் நிற்க இடமும் என்று எழுத வேண்டும் என்பது நமது கோரிக்கை. பஸ் நிறுத்தம், ஆட்டோ நிற்கும் இடம், சரக்கு இறக்கும் நேரம், ரயில் ஸ்டேஷனுக்கு மூடிய நடைவழி எல்லாம் அதற்கடுத்து. நமது கணக்குப்பிள்ளை வீட்டில் படிக்கக் கொடுத்தாலும் நாம் தலைகுனியாத மாதிரி அந்தத் தாள் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் ஒரு சாதாரண வாரத்தில், பண்டிகை இல்லாத வாரமாக, சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரை கடைக்கு வருகிறவர்கள் நடந்து வந்தார்களா, பஸ்ஸா, ரயிலா, ஆட்டோவா, டூவீலரா, காரா என்று கோடு போட்டு, சங்க ஆபீசுக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். கடைப் பெயர் வேண்டியதில்லை, ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதினால் போதும். நோட்டு வாங்க வேண்டாம். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் சும்மாதான் கிடக்கிறது.